ஆய்வுக் காலத்துக்கு வெளியே

சென்ற மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கோயம்புத்தூர்க்காரி, வானவடியில் குடியிருக்கிறாள், புதிதாக ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறாள்.

"மேடம், இப்பல்லாம் நிதி கேக்குற விண்ணப்பத்துலயே ஒரு கேள்வி வருதுங்க. ஆய்வு முடிஞ்ச பின்னாடி நோயாளிகளுக்கு என்ன ஏற்பாடுன்னு. எல்லாரும் பழைய விண்ணப்பத்துல இருக்கிற வரியவே எடுத்து எழுதிடறாங்க. நீங்க அந்த வேலையில இருந்தீங்கன்னு சொன்னாங்க. என்னங்க எழுதறது?"

எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியில் அது அடங்கவில்லை.

என் அப்பா ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மராத்தி ஊரான கட்கிக்கு வேலை தேடி வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, கடைத்தெருவில் இந்தி. நர்ஸ் பயிற்சியைப் பற்றியும் வார்டுகளில் கழிந்த முதல் வருடங்களைப் பற்றியும் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "தாம்லே மேடத்துக்கு மூன்று பாஷை தெரிந்த நர்ஸ் வேண்டுமாம், போ" என்றார். அப்படித்தான் ஆராய்ச்சிக்குள் போனேன்.

டாக்டர் மாலதி தாம்லே குழந்தைகளின் இதய நோயைப் பார்ப்பவர். சில குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வந்து, ஆறி, இரண்டு மூன்று வாரம் கழித்து முட்டி வீங்கும், காய்ச்சல் வரும். முட்டி சரியாகிவிடும். ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வில் கை வைத்துவிட்டுப் போயிருக்கும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும். வராமல் தடுக்க ஒரே வழி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்கு. மருந்து மலிவு. ஆனாலும் குழந்தைகளுக்கு அது கிடைக்கவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் அரிதாகவோ அந்த ஊசி உயிருக்கே ஆபத்தாகும் என்ற பயத்தில் தவாகானா எனப்படும் சின்ன அரசு மருந்தகங்களில் டாக்டர்கள் அதைத் தொடுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். ஒழுங்காக, பயமில்லாமல், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஊசி போட்டால் காய்ச்சல் திரும்பாது என்று காட்ட வேண்டும். அதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. மண்டல சுகாதாரத் துறையின் ஆராய்ச்சி நிதி மூன்று வருடத்துக்குப் பணம் கொடுத்தது.

வியாழக்கிழமைகளில் போபோடியில் ஒரு சமாஜ் மந்திரின், அதாவது சமூகக்கூடத்தின், பின்னறையில் எங்கள் கிளினிக் நடக்கும். மேடம் எனக்கு முன்பே வந்து நிற்பார். ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் போட வேண்டிய அவசர மருந்து சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் துணி மூடி இருக்கிறதா என்று பார்ப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தாலும் பார்ப்பார். பிறகு ஊசி. பாட்டிலில் பொடிக்குத் தண்ணீர் விட்டுக் குலுக்கக் கூடாது, நுரைக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்ட வேண்டும். மருந்து சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், அதனால் தடித்த ஊசி. முதலில் முன்கையில் ஒரு துளி போட்டுத் தடிக்கிறதா என்று பார்ப்போம். தடிக்காவிட்டால் இடுப்புக்குக் கீழே, வெளிப்பக்கமாக, மெதுவாக, மிக மெதுவாகச் செலுத்துவோம். அவசரப்பட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வராது.

வலிக்காது என்று மேடம் எந்தக் குழந்தையிடமும் சொன்னதில்லை. தலைமாட்டில் நின்று, "வலிக்கும். அழலாம். அசையக் கூடாது" என்று மராத்தியில் சொல்வார். அந்த மூன்று வாக்கியமும் பிள்ளைகளுக்கு மனப்பாடம். எல்லாம் முடிந்து நான் தட்டைக் கழுவும்போது ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "யார் வரவில்லை?" எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கவே மாட்டார். வராதவர்கள் வீட்டுக்கு மறுநாள் நான் போவேன்.

ரேவதி என்ற பெண்ணின் வீட்டுக்கு மட்டும் நான் அப்படிப் போக நேர்ந்ததேயில்லை. தன் முறை வந்த ஒரு வியாழன்கூட அவள் விட்டதில்லை. அப்பா முனுசாமி ஆகுர்டியில் ஒரு பட்டறையில் தினக்கூலிக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா பச்சையம்மா நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். கீழே கைக்குழந்தையாக ஒரு தங்கை உண்டு. எங்களிடம் வரும்போது ரேவதிக்குப் பதிமூன்று வயது. பள்ளியில் கோ-கோ அணியில் இருந்தாள். வால்வில் லேசான கசிவுதான், விளையாடலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்து பெஞ்சில் உட்காருவாள். "லயி துக்தே சிஸ்டர்" என்பாள். ரொம்ப வலிக்கிறதாம். அடுத்த மூச்சிலேயே, "சனிக்கிழமை மேட்ச் இருக்கு. ஓடலாம் இல்ல?" என்று கேட்பாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான், பாதித் தமிழ் பாதி மராத்தி. என்னோடு தமிழில் பேசியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகப் பேசுவாள்.

மூன்று வருடம் முடியும்போது முடிவுகள் நன்றாக வந்தன. ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. நீட்டிப்புக் கேட்டு மேடம் விண்ணப்பித்தார். நிதிக் குழு அவரை நேரில் அழைத்தது. படங்களைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கதவோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

குழுத் தலைவர் வயதான பேராசிரியர், நல்ல மனிதர். மேடம் சொல்லி முடித்ததும் அவரே எழுந்து கைகொடுத்தார்.

"நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இனி உங்கள் கேள்வி என்ன?"

"கேள்வி எதுவும் இல்லை, சார். குழந்தைகள் இருக்கிறார்கள்."

"தாம்லே, இது ஆராய்ச்சி நிதி. கேள்விக்குத்தான் பணம் தர முடியும். பதில் கிடைத்துவிட்ட பிறகு அது சேவை. சேவைக்கு வேறு அலுவலகம் இருக்கிறது."

"அங்கே போய்விட்டுத்தான் வந்தேன். பெனிசிலின் எல்லா தவாகானாவுக்கும் அனுப்பும் மருந்துப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள்."

"அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது" என்றார் அவர். கேலி செய்யவில்லை, உண்மையாகவே நிம்மதியோடுதான் சொன்னார். மேடம் படங்களை அடுக்கிப் பெட்டியில் வைத்தார்.

கடைசி வியாழன் அன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம். நோய் என்ன, எந்த மருந்து, எத்தனை வாரத்துக்கு ஒரு முறை, வீட்டுக்கு அருகே எந்த தவாகானா என்று மேடத்தின் கையெழுத்தோடு. ரேவதி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சிஸ்டர், அப்ப நாங்க எல்லாம் பாஸா?"

"பாஸ் எல்லாம் இல்லடி. ஸ்கூல்தான் மாறுது. ஊசிய மட்டும் விடாத."

சிரித்துக்கொண்டே போனாள். நான் பெண்கள் வார்டுக்குத் திரும்பினேன்.

அந்த வருடம் கணபதி விழா முடிந்து மழை விட்டிருந்த சமயம், காலை டூட்டியில் இருக்கும்போது ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுக்க முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முட்டிகள் வீங்கியிருந்தன. பின்னாலேயே முனுசாமி வந்ததைப் பார்த்த பிறகுதான் அது ரேவதி என்று எனக்குத் தெரிந்தது.

தலையணைகளை அடுக்கிச் சாய வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேணும்னு விடல சிஸ்டர்" என்றாள்.

முனுசாமி வராந்தாவில் நின்று சொன்னார்: "சீட்ட எடுத்துகினு மொதோ வாரமே தவாகானாவுக்குப் போனோம் சிஸ்டரம்மா. அந்த டாக்டரு படிச்சுப் பாத்தாரு. இந்த ஊசி இங்க போடறதில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னுட்டாரு. இங்க வந்து லைன்ல நின்னோம். இங்க இருந்தவரு சீட்டப் பாத்துட்டு, உனக்குத் தவாகானான்னுதான எழுதியிருக்குதுன்னு திருப்பி அனுப்பிச்சாரு. ரெண்டு வாட்டி அலைஞ்சோம். ரெண்டு நாள் வேலைக்குப் போவாம பகார் போச்சு. பொண்ணும் நல்லா ஓடியாடிகினு இருந்திச்சு. சரி, நோய் போயிடுச்சு போலன்னு..."

அது எந்த தவாகானா என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த டாக்டரின் உண்மைப் பெயரையும் எழுதவில்லை. ஷிர்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லி அனுப்பியதும் தாம்லே மேடம் வந்தார். ரேவதியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். மூன்று வருடமாக அவர் கேட்டுப் பழகிய இதயம் அது. கேட்டு முடித்ததும் அவள் போர்வையைச் சரிசெய்தார். வெளியே வந்து, "இரண்டு வால்வுகள் கெட்டுவிட்டன" என்றார். அறுவை சிகிச்சைக்காரர்களை அழைத்து வந்தார். காய்ச்சல் அடங்காமல் கத்தி வைக்க முடியாது என்றார்கள். அடங்கக் காத்திருந்தோம். தினமும் இரண்டு வேளை மேடம் வந்தார். ரேவதி ஒருநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அவரிடம், "இப்போ அழட்டுமா மேடம்?" என்று மராத்தியில் கேட்டாள். "அழு" என்றார் மேடம். அவள் அழவில்லை. சும்மா கேட்டாளாம்.

இரண்டாவது வாரத்தில் ஒரு முற்பகலில் அவள் இறந்துபோனாள்.

பச்சையம்மா வந்து சேர்ந்தபோது நான் கட்டிலருகே இருந்தேன். மகளின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"மூணு வருசம் குத்துனீங்களே சிஸ்டர். அத்தினி ஊசியும் எங்க போச்சு?"

ஒரு ஊசியின் காவல் அடுத்த ஊசி வரைக்கும்தான், அதற்கு மேல் உடம்பில் அது தங்காது. இதை மூன்று வருடம் எத்தனையோ தாய்மார்களுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அன்று பச்சையம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் மேடத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. மண்டலத்தில் அந்த ஆண்டின் சிறந்த சுகாதார ஆராய்ச்சிக்கான விருது அவருடைய ஆய்வுக்கு. ரேவதி போன பிறகு மேடம் விருதுக் குழுவின் செயலாளருக்குப் போன் செய்தார். அப்போது நான் அவர் அறையில் இருந்தேன். ஒரு குழந்தை இறந்துவிட்டது, அதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேசினார்கள். மேடம் போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே என்னிடம் சொன்னார்:

"அந்த மரணம் ஆய்வுக் காலத்துக்கு வெளியே நடந்ததாம். முடிவுகளைப் பாதிக்காதாம். கவலைப்பட வேண்டாம் என்கிறார்கள்."

"விருதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் மேடம்" என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் முறை.

அவர் கோபிக்கவில்லை. "திருப்பிக் கொடுத்தால் அதே மேடையில் வேறு ஒருவருக்குக் கொடுப்பார்கள். சாப்பாடு நடக்கும். ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டால் சுகாதாரத் துறை இயக்குநர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். பிறகு நான் கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்க முடியாது" என்றார்.

வாங்கிக்கொண்டார். நான் பின்வரிசையில் இருந்தேன். ஏற்புரை என்று அவர் பேசியது இரண்டே நிமிடம். நன்றி சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. பலர் ஏமாந்துபோனார்கள், நானும்தான்.

விழா முடிந்த கையோடு, தேநீர்க் கோப்பையோடு நின்ற இயக்குநரிடம் போனார். என்னையும் உடன் வரச் சொன்னார்.

"தாம்லே மேடம், அடுத்த திட்டம் என்ன? எழுதி அனுப்புங்கள். இந்த முறை நிதிக்குச் சிரமம் இருக்காது."

"திட்டம் இல்லை, சார். ஒரு உத்தரவு வேண்டும். வியாழக்கிழமைகளில் நானும் இந்த சிஸ்டரும் எந்த தவாகானாவுக்கும் போகலாம், அங்கே இருக்கும் டாக்டர் எங்கள் முன்னால் இந்த ஊசியைப் போட வேண்டும் என்று. போடும்போது ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்றும் அதில் எழுத வேண்டும்."

இயக்குநர் கோப்பையை மேஜை மேல் வைத்தார். "உங்கள் பெயரைப் போட்டா? யோசித்துத்தான் சொல்கிறீர்களா? ஒன்று தவறினாலும் உங்கள் வேலை போய்விடும்."

"பெயர் இல்லாவிட்டால் யாரும் ஊசியைக் கையில் எடுக்க மாட்டார்கள், சார்."

அந்த உத்தரவு வந்தது. அலைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. விருதுப் பட்டயத்தை மேடம் எங்கே வைத்தார் என்று எனக்குத் தெரியாது. உத்தரவின் நகல் மட்டும் எப்போதும் அவர் கைப்பையில் இருந்தது.

நாங்கள் முதலில் போனது டாக்டர் ஷிர்கேயிடம். கொடூரமான ஒருவரை எதிர்பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும், ஒல்லியான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உத்தரவைப் படித்தார்.

"மேடம், நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது என் கண் முன்னால் ஒரு பையன் போனான். இதே ஊசி. போட்டது என் சீனியர், பையனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். பிறகு இந்த பாட்டிலை நான் தொட்டதேயில்லை. வேறு எதை வேண்டுமானாலும் செய்யச் சொல்லுங்கள்."

"அன்று அவசர மருந்து தயாராக இருந்ததா?"

"தேடினோம். அலமாரி பூட்டியிருந்தது."

"இன்று அது சிரிஞ்சிலேயே இருக்கிறது. பாருங்கள்" என்று தட்டின் துணியை விலக்கிக் காட்டினார் மேடம்.

அன்று ஷிர்கே போடவில்லை. மேடம் போட்டார், அவர் பார்த்தார். அடுத்த முறை மருந்தைக் கரைக்க மட்டும் கை கொடுத்தார். அதற்கும் அடுத்த முறைதான் அவரே ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டார். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அதன் நாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் நாளே, வெளியே வந்ததும், "நான் அவரிடம் ரேவதியைப் பற்றிச் சொல்லப்போகிறேன்" என்றேன் மேடத்திடம்.

"சொல்லக் கூடாது."

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"ஒரு சாவின் பயத்தில்தான் அவர் இதை விட்டார். இன்னொரு சாவையும் தூக்கி அவர் தலையில் வைத்தால் கை நடுங்கும். நடுங்கும் கையால் பிள்ளைகளுக்குப் போட வேண்டுமா? அவர் அழுதால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறும். எனக்கும் ஆறும். அதற்காக நாம் இங்கே வரவில்லை."

"அப்படியானால் எப்போதுமே சொல்லக் கூடாதா?"

"அவராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்" என்றார்.

ஒரு தவாகானா பழகியதும் அடுத்தது என்று இப்படி ஊர் முழுவதும் சுற்றினோம். சிலர் எளிதில் பழகினார்கள், சிலர் கடைசி வரை மறுத்தார்கள். மேடத்தின் பெயருக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு நான் மட்டும் எப்போதாவது போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஷிர்கேயிடம் வியாழன்தோறும் வரிசை நிற்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

அப்படி ஒருநாள் போயிருந்தபோது, கூட்டம் முடிந்து கை கழுவிக்கொண்டே அவர் கேட்டார்: "சிஸ்டர், நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருவதற்கு முன்பே ஒரு பெண் இந்த ஊசிக்கு வந்தாள். மதராஸிப் பெண். அப்பாவோடு, தாம்லே மேடம் எழுதிய சீட்டு வைத்திருந்தாள். நான்தான் திருப்பி அனுப்பினேன். அவள் இப்போது எங்கே போட்டுக்கொள்கிறாள்?"

என்றாவது இது வரும் என்று பல வருடமாகக் காத்திருந்தவள் நான். கேட்டபோது வேண்டாமே என்று இருந்தது. இருந்தாலும் சொன்னேன். அவள் பெயரைச் சொன்னேன், எப்போது இறந்தாள் என்பதைச் சொன்னேன், அவர் அனுப்பிய பிறகு எங்கள் ஆஸ்பத்திரியும் அவளைத் திருப்பி அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னேன். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பவுண்டர் வந்துதான் மூடினார்.

ஷிர்கே கேட்டது ஒன்றுதான்: "வீடு எங்கே?"

போக வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனாலும் போபோடியில் எந்தச் சந்து என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை முனுசாமி சொல்லித்தான் அறிவேன். முதுகு வலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னைத் தேடிக்கொண்டு வார்டுக்கு வந்தார்.

"அந்த டாக்டரு ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்தாரு சிஸ்டரம்மா. எனக்கு மொதல்ல ஆள் தெரியல. நான்தான் உன் பொண்ணத் திருப்பி அனுப்பிச்சவன்னு அவரே சொன்னாரு. உக்காருங்கன்னேன். உக்காரல. தலைய குனிஞ்சுகினு நின்னுகினே இருந்தாரு."

"பச்சையம்மா?"

"அது உள்ள போயிடுச்சு. கதவுக்குப் பின்னால நின்னுகினு வெளிய வரல. கத்துமோ, இன்னா பண்ணுமோன்னு எனக்கு பயம். ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் சின்னவள கையப் புடிச்சு இஸ்தாந்து அவர் முன்னால நிறுத்திச்சு. அவ மூஞ்சியக்கூட பாக்கல, அவரு மூஞ்சியயும் பாக்கல. 'ரெண்டு நாளா தொண்ட வலின்றா, பாரு'ன்னு மட்டும் சொல்லிச்சு."

"பார்த்தாரா?"

"வாசல்ல வெளிச்சத்துல நிக்க வச்சு ஸ்பூனு கேட்டு வாங்கிப் பாத்தாரு. வீங்கிகீது, காலைல தவாகானாவுக்கு இஸ்தாங்க, நானே ஊசி போடறேன்னுட்டுப் போனாரு."

"காலையில் யார் அழைத்துப் போனது? நீங்களா?"

"நான் டூட்டி சிஸ்டரம்மா" என்றார் முனுசாமி. "அதுதான் இஸ்துகினு போச்சு."